சேறு படிந்த டர்ட் பைக்கை எதைக் கொண்டு கழுவுவது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். டர்ட் பைக், அதாவது மண்பாதையிலும் கரடுமுரடான தடத்திலும் ஓட்டும் பைக், வாங்கி ஆறு மாதம் ஆகிறது, ஒவ்வொரு முறையும் சேற்றில் ஓட்டிவிட்டு வந்து கழுவுகிறீர்கள். பாத்திரம் கழுவும் திரவமே போதும் என்கிறார் ஒருவர். மண்ணெண்ணெய்தான் சரி என்கிறார் இன்னொருவர். பைக்குக்கென்று விற்கிற நுரை கிளீனரைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார் மூன்றாமவர். இதற்கிடையில் பட்டறைகளில் பயன்படுத்தும் ஒரு டீகிரீஸரை (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) அப்படியே தெளித்ததில் பின்சக்கர ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஸ்விங்கார்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) வெள்ளை பூத்துவிட்டன. இப்போது எந்த பாட்டிலை எடுத்தாலும் பயமாக இருக்கிறது, எதுதான் பாதுகாப்பானது என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சேற்றை எது எடுக்கும் என்பது ஒன்று, பைக்கை எது கெடுக்காது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் வீரியமான சரக்கை வாங்கிவிடுகிறார்கள்.

நான் கல்லூரியில் படித்தது வேதியியல். அதன்பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேலாக இந்த மாதிரி பைக்குகளைப் பிரித்து மாட்டுகிற வேலைதான். இந்த இரண்டும் சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், சேற்றுக்கு ரசாயனம் தேவையே இல்லை என்பது. சேறு என்பது மண்துகள், களிமண், தண்ணீர், கொஞ்சம் இலைதழை. இதில் எதுவும் சோப்பில் கரைவதில்லை. தண்ணீர் ஊறி, துகள்களின் பிடி தளர்ந்து, தானாகக் கழன்று விழவேண்டும். சோப்பு எதற்கு என்றால், அந்த மண்ணைப் பைக்கோடு ஒட்டவைத்திருக்கிற எண்ணெய்ப் பசைக்கு. செயினிலிருந்து தெறித்த லூப் (செயினுக்குப் போடும் மசகு), ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) கசிந்த எண்ணெய், என்ஜின் அடியில் படிந்த பிசுக்கு, இவ்வளவுதான். வண்டியில் முக்கால்வாசி இடத்தில் எண்ணெயே கிடையாது. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிளீனரைத் தெளித்தாலும் தண்ணீர் செய்யாத எதையும் அது பெரிதாகச் செய்துவிடப் போவதில்லை.

அதனால் எந்த பாட்டிலையும் திறப்பதற்கு முன் தண்ணீர். சாதாரண ஹோஸ் பைப்பில், அழுத்தம் அதிகமில்லாமல், மேலிருந்து கீழாக வண்டி முழுக்க நனையவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த சேறாக இருந்தால் இரண்டு மூன்று முறை நனைக்க வேண்டியிருக்கும். இந்தப் பொறுமை ஏன் முக்கியம் என்றால், மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரணக் கத்தியின் எஃகே 5.5 அளவில்தான் இருக்கும். அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. மட்கார்டு, பக்கவாட்டு ஷ்ரவுடு எல்லாம் பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக், அது இன்னும் மென்மை. சேறு இருக்கும்போதே துணியைப் போட்டுத் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. புது பைக் மூன்று மாதத்தில் மங்கிப்போனதற்கு “அந்த சோப்புதான் காரணம்” என்று சொல்பவர்களிடம் எப்படிக் கழுவினீர்கள் என்று விசாரித்தால், நான் பார்த்தவரை சோப்பைவிடத் துணிதான் அதிக முறை குற்றவாளி.

சரி, இப்போது எண்ணெய்ப் பிசுக்கு. இங்கேதான் தேர்வு என்ற ஒன்று வருகிறது, உங்கள் ஹப்புக்கு நேர்ந்ததும் இங்கேதான். அலுமினியம் காற்றில் பட்டதுமே அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அனோடைஸ் செய்த பாகங்களில், அதாவது பொன்னிறமோ நீலமோ கறுப்போ ஏற்றிய ஹப், ரிம், கிளாம்ப் போன்றவற்றில், இதே படலத்தைச் செயற்கையாகத் தடிமனாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஆக்சைடு தோராயமாக பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) 4 முதல் 8.5 வரைதான் நிலையாக இருக்கும். அதற்குக் கீழே போனால் அமிலத்தில் கரையும், மேலே போனால் காரத்திலும் கரையும். பட்டறை டீகிரீஸர்கள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ இருக்கிறது. அவற்றின் பிஎச் 12, 13 என்று போகும். பிஎச் அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். 8-க்கும் 12-க்கும் நடுவில் நான்கு எண்கள்தான் வித்தியாசம், காரத்தின் செறிவில் அது பத்தாயிரம் மடங்கு. அப்படிப்பட்ட திரவம் அலுமினியத்தின் மேல் நின்றால் படலம் கரைகிறது, பிறகு உலோகமே கரைகிறது, ஹைட்ரஜன் குமிழிகள் வருகின்றன, கழுவிய பிறகு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு பூச்சு மிஞ்சுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். ஸ்போக், போல்ட்டுகளின் துத்தநாக முலாமும் இப்படியே இரண்டு பக்கமும் அடிபடும். முலாம் போனபின் துரு ஏறுவதற்கு ஒரு மழை போதும்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு பைக்கில் டீகிரீஸரைத் தெளித்துவிட்டு ஒரு போன் அழைப்பை எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் திரவம் காய்ந்து, கறுப்பு ரிம்மில் கண்ணீர் வழிந்த மாதிரி கோடுகள் விழுந்திருந்தன. அது வாடிக்கையாளரின் வண்டி. அந்த ரிம்முக்கான காசை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து சூடான என்ஜின்மேலோ நேரடி வெயிலிலோ எதையும் தெளிப்பதில்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சமிருக்கும் திரவத்தின் வீரியம் கூடிக்கொண்டே போகும். லேபிளில் எழுதியிருக்கும் கலவை விகிதத்துக்கு அப்போது அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். கையால் கழுவுவதற்கென்று செய்தது என்பதால் அதன் பிஎச் பெரும்பாலும் நடுநிலைக்கு அருகில் இருக்கும். எண்ணெயைத் தூக்குவதுதான் அதன் வேலையே. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி போதும். அதற்கு மேல் ஊற்றினால் நுரை கூடுமே தவிர சுத்தம் கூடாது. அதில் உப்பு இருக்கிறது, வண்டி துருப்பிடித்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பல திரவங்களில் கெட்டித்தன்மைக்காகச் சமையல் உப்பு சேர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தண்ணீரில் நீர்த்து, கழுவியபின் நன்றாக அலசிவிட்டால் துரு பிடிக்கிற அளவுக்கு அது மிஞ்சி நான் பார்த்ததில்லை. அலசாமல் விட்டால் இடுக்குகளில் தங்கும், அப்போது அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மெழுகை எடுத்துவிடும் என்பது இன்னொரு குறை. மெழுகு போட்டுப் பளபளப்பாக வைத்திருக்கும் சாலை பைக்குக்கு அது பொருந்தும். உங்கள் வண்டியில் மெழுகு பூசிய பெயின்டே அனேகமாக இருக்காது.

துணி துவைக்கும் தூளை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அதில் சோடியம் கார்பனேட் இருப்பதால் கரைசலின் பிஎச் 10-க்கு மேல் போய்விடும், கரையாத துகள் இருந்தால் கீறவும் செய்யும். கழிப்பறை கழுவும் அமிலம், பிளீச், இரண்டும் வண்டியின் பக்கமே வரக்கூடாது. அமிலம் துத்தநாக முலாமையும், சில பைக்குகளில் என்ஜின் பக்கவாட்டு மூடியாக வரும் மெக்னீசியத்தையும் அரித்துவிடும். பிளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட் அலுமினியத்தில் குழிக்குழியாக அரிக்கும், துருப்பிடிக்காத எஃகையும் விடாது. இதைவிடப் பெரிய ஆபத்து உங்களுக்கு. பிளீச்சும் அமிலமும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. “இதையும் அதையும் கலந்தால் பளிச்சென்று ஆகும்” என்று யார் சொன்னாலும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீல் பளபளப்பாக்கும் அமிலங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதை உண்டாக்கும் ஃபுளோரைடு உப்போ இருக்கும். அது தோல் வழியாக உள்ளே போகும், தொட்ட உடனே வலிக்காமலும் இருக்கலாம், எலும்பு வரை சேதப்படுத்தும். ஒரு ரிம்முக்காக வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளே அல்ல அது.

பைக்குக்கென்று விற்கும் கிளீனர்களை வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் முன்பக்கப் படத்தைப் பார்த்து வேண்டாம். அவற்றில் நல்லவை நுரையாக ஒட்டி நிற்கும், ஊறுவதற்கு நேரம் கிடைக்கும், அரிப்பைத் தடுக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். கொடுக்கிற காசுக்கு அது நியாயமான வசதிதான். பெயரில் டர்ட் பைக் என்று இருப்பதால் மட்டும் அது மென்மையானது என்று ஆகிவிடாது. வீரியமான காரம் கொண்டவையும் அதே அலமாரியில்தான் நிற்கின்றன. “இயற்கையானது”, “மக்கும் தன்மை கொண்டது”, “எலுமிச்சை சக்தி” என்பவையெல்லாம் பிஎச் பற்றி எதுவும் சொல்வதில்லை. எலுமிச்சை வாசனை தருகிற லிமோனீன் உண்மையில் ஒரு கரைப்பான். எண்ணெயை நன்றாக எடுக்கும், அதேசமயம் சில வகை ரப்பரை உப்பவைக்கும், ஸ்டிக்கர் பசையையும் இளக்கும்.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு ரசாயனப் பொருளுக்கும் தயாரிப்பாளர் ஒரு பாதுகாப்புத் தரவுத் தாள் வெளியிடுவார், பெரும்பாலும் அவர்களுடைய இணையதளத்திலேயே கிடைக்கும். உலகம் முழுக்க ஒரே வடிவம், 16 பகுதிகள். மூன்றாம் பகுதியில் என்னென்ன ஆபத்தான பொருட்கள் இருக்கின்றன என்றும், ஒன்பதாம் பகுதியில் பிஎச் எவ்வளவு என்றும் இருக்கும். நான் புதிதாக எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது ஒன்பதைத்தான். பிஎச் 6-லிருந்து 9-க்குள் இருந்தால் வண்டி முழுக்கப் பயன்படுத்துவேன். 9-லிருந்து 11 வரை என்றால் நீர்த்து, பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும், மூன்று நான்கு நிமிடத்துக்குள் அலசிவிடுவேன். 11-க்கு மேல் என்றால் அலுமினியத்தின் அருகில் கொண்டுபோக மாட்டேன். இந்த எல்லைகள் நான் வைத்துக்கொண்டவை, எழுதிவைத்த விதி அல்ல. அரிப்புத் தடுப்பான் நன்றாகச் சேர்த்த ஒரு பொருள் 11-இலும் கெடுதல் செய்யாமல் போகலாம். அனோடைஸ் தரம் வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே 9-இலேயே நிறம் மங்குகிற மலிவான பாகமும் இருக்கலாம். உங்கள் வண்டியைப் பார்க்காமல் என்னால் அதைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான், கண்ணில் படாத ஒரு இடத்தில், ஸ்விங்கார்மின் உள்பக்கம் மாதிரி, ஒரு துளி விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பது.

மண்ணெண்ணெய்க்கு ஒரு இடம் உண்டு, அது செயின் மட்டும்தான். ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள செயின்) மண்ணெண்ணெய் சரி என்று பல பைக் கையேடுகளே சொல்கின்றன. துணியிலோ மென்மையான பிரஷ்ஷிலோ தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்துவிட்டு, காய்ந்தபின் லூப் போட வேண்டும். ஊறப்போடக் கூடாது. ரப்பர் வளையங்களுக்கு உள்ளே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் இருக்கிறது, அதுதான் செயினின் ஆயுள். பெட்ரோல் அதே வேலையை வேகமாகச் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் அது ரப்பரைக் கெடுக்கும், மேலும் சுமார் -40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கத் தேவையான ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அந்த வரம்பு 38 டிகிரிக்கு மேல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோய் எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப் பிடிக்கும். பட்டறையில் இருப்பவர்கள் இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். டபிள்யூடி-40 பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதன் பெயரின் பொருளே தண்ணீரை வெளியேற்றுவது, 40-வது முயற்சி என்பதுதான். கழுவியபின் செயினில் தங்கிய ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அதை அடித்துவிட்டு லூப் போட்டாயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள், சேற்றில் அது சீக்கிரம் அற்றுப்போய்விடும்.

பிரேக்கில் சோப்புத் தண்ணீர் படுவது பற்றிக் கவலை வேண்டாம், நன்றாக அலசினால் போதும். பயப்படவேண்டியது எண்ணெய், மெழுகு, சிலிகான் ஸ்ப்ரே ஆகிய மூன்றுக்கும்தான். சேறு ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சிலிகான் அடிக்கும் வழக்கம் உண்டு, அது உண்மையிலேயே உதவும். ஆனால் அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள், சீட்டிலும் ஃபுட்பெக்கிலும் கைப்பிடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் பேடில் சிலிகான் இறங்கினால் மாற்றுவதே மேல். டிஸ்க்கைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ பிரேக் கிளீனரோ போதும். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த கரைப்பான் உள்ள வகையும் இருக்கிறது. அதைத் தெளித்த பாகத்தில் யாரும் வெல்டிங் வைக்கக்கூடாது, சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உருவாகலாம். ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட் என்றால் அதன்மேல் எந்தக் கரைப்பானும் வேண்டாம், சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுவிடும்.

கழுவும் முன் ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) வாயையும் சைலன்சர் முனையையும் அடைத்துவிடுங்கள். நுரையால் (ஃபோம்) ஆன ஏர் ஃபில்டரை பெட்ரோலில் அலசுவது பலரின் பழக்கம், அதன் ஒட்டுகள் விட்டுப்போகும். ஒட்டு விட்ட ஃபில்டர் வழியாக உள்ளே போகும் மணல் பிஸ்டனைத் தின்றுவிடும். ஃபில்டர் கிளீனரில் எண்ணெயை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிசைந்து, முறுக்காமல் பிழிந்து, முழுக்கக் காய்ந்தபின் ஃபில்டர் ஆயில் போடுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் சக்கர பேரிங், லிங்கேஜ், ஃபோர்க் சீல், ஸ்டியரிங் தலை, ரேடியேட்டர் துடுப்புகள், இந்த ஐந்து இடங்களிலும் நேராகக் காட்டாதீர்கள். கெடுதலான ரசாயனத்தைவிட, சீலைத் தாண்டி உள்ளே போன நல்ல தண்ணீரால் வீணான பேரிங்குகளைத்தான் நான் அதிகம் கழற்றியிருக்கிறேன். தேய்க்க மென்மையான நைலான் பிரஷ் போதும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் உராய்ந்து கீறும் துகள் இருக்கிறது, அது பிளாஸ்டிக்குக்கும் அனோடைஸுக்கும் ஆகாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாதுகாப்பு என்றால் அதுவும் சேர்த்திதான். மக்கும் தன்மை கொண்டது என்ற முத்திரை, குறிப்பிட்ட சோதனையில் 28 நாட்களுக்குள் அது பெருமளவு சிதைகிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. ஓடையில் கலந்தால் முதல் நாளே மீனின் செவுளை அது பாதிக்கலாம். மழைநீர் வடிகாலில் போவது பல இடங்களில் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே நீர்நிலைக்குத்தான் போகிறது. ஆகவே சேற்றை மட்டும் கழுவும் முதல் அலசலை மண்தரையிலோ புல்தரையிலோ செய்யுங்கள். செயினைத் துடைத்த மண்ணெண்ணெயையும் துணியையும் தரையில் கொட்டாமல் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள், பழைய என்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கேட்டுவிட்டு இதையும் கொடுக்கலாம். தெளிக்கும் எந்தப் பொருளுக்கும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்குப் போகவேண்டும்.

கடைசியாக, உங்கள் ஹப்பும் ஸ்விங்கார்மும். முதலில் நிறைய தண்ணீர் விட்டு, பாத்திர சோப்பு போட்டு, மறுபடி அலசுங்கள், காரத்தின் மிச்சம் இடுக்கில் இருந்தால் வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கும். ஸ்விங்கார்ம் பூச்சு எதுவும் இல்லாத வெறும் அலுமினியம் என்றால் மெட்டல் பாலிஷும் மென்மையான துணியும் கொண்டு அந்த வெள்ளையை எடுத்துவிடலாம், கை வலிக்கும், ஆனால் வந்துவிடும். ஹப் நிறம் ஏற்றி அனோடைஸ் செய்தது என்றால், போன நிறம் பாலிஷில் திரும்பாது. தேய்க்கத் தேய்க்க மிச்சமிருக்கும் படலமும் போகும், அதனால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி அனோடைஸ் செய்ய ஸ்போக், பேரிங் எல்லாவற்றையும் கழற்றவேண்டும், அழகுக்காக மட்டும் அது தேவையா என்பது உங்கள் விருப்பம். நகத்தால் ஹப்பைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கறை மேலோட்டமானது, தயங்காமல் ஓட்டலாம். குழிகள் நகத்தில் தட்டினால், முக்கியமாக ஸ்போக் நுழையும் துளைகளின் ஓரத்தில், அடுத்த முறை சேற்றுக்குப் போவதற்கு முன் யாராவது அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள்.